வில்லுக்கத்தி

வில்லுக்கத்தி என்றுதான் விற்றான்.
வில்லுத்தான் முறிந்திருந்தது.

பஞ்சிகாவத்தையில், கழற்றிய கார்க்கதவுகளுக்கும்
யாரோ வீட்டு மிக்சி மூடிக்கும் நடுவே
சாக்கில் கிடந்தது. இருநூறு என்றான்.
விரித்துக் காட்டு என்றேன்.
விரியாது நோனா, அதுதான் இருநூறு.

ஒரு பக்கப் பிடி மாட்டுக்கொம்பு.
மற்றப் பக்கம் வெறும் பித்தளைத் தகடு, பச்சை பிடித்தபடி.
அலகு துருவோடு ஒட்டிக்கொண்டு
வாய் திறக்க மாட்டேன் என்றது.

எனக்கு வாய்கள் பழக்கம்.
பம்பலப்பிட்டியில் பதினெட்டு வருடமாய்ப் பொய்ப்பல் செய்கிறேன்.
முகங்கள் வருவதில்லை. அச்சுகள் வரும்,
வெள்ளைச் சாந்தில், பெயர் எழுதிய துண்டோடு.

மண்ணெண்ணெயில் நாலு இரவு.
போயா லீவன்று ஆணித்தலையை அரத்தால் ராவி
மெல்லத் தட்டினேன், தட்டினேன்,
கீழ்வீட்டு மில்றோய் போன் எடுத்தார்:
மேலே யாருக்குப் பல்லுப் பிடுங்குகிறீர்கள்?

கழன்றது.
உள்ளே கறுத்த களிம்பு, புகையிலைத் துகள்,
நரையா செம்பட்டையா தெரியாத ஒற்றை மயிர்.

வில்லுக்கு, இரும்பறுக்கும் வாளின் முறிந்த துண்டு.
காஸ் அடுப்பில் சிவக்கவிட்டு எண்ணெயில் தோய்த்தேன்.
முதலாவது கண்ணாடிபோல் உடைந்தது.
இரண்டாவது வளைந்து அப்படியே நின்றது,
திரும்ப மனமில்லாமல்.
மூன்றாவதை மினுங்கத் தேய்த்து மறுபடி சூட்டில் பிடித்தேன்:
வைக்கோல் நிறம், செம்பு நிறம், கத்தரிப்பூ நிறம்,
நீலம் எட்டிப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.
மூச்சை எப்போது விட்டேனோ.

இல்லாத பிடிக்குக் கெரம்போர்ட் சட்டம்.
கொலன்னாவையில் மச்சாள் வீட்டு வெள்ளத்தில்
பலகை ஊதிப்போய்ச் சட்டம் மட்டும் நேராய் நின்றது.

பல்லை மினுக்கும் பியூமிஸ் மாவால் அலகை மினுக்கினேன்.
காலையில் பார்த்தால் கடற்காற்று
புள்ளி புள்ளியாய்க் கோலம் போட்டுவிட்டுப் போயிருந்தது.
மறுபடி தேய்ப்பு, தேங்காயெண்ணெய்.
வெள்ளவத்தையில் அலுமாரிப் பூட்டுக்கும் இதே கதை.

கொம்பில் யாரோ கீறிய ஒரு குறி.
நான் பார்த்தால் டானா.
மில்றோய் பார்த்தால் எல்.
தலைகீழாய்ப் பிடித்தால் ஏழு.
மண்கடதாசி அதன் ஓரம்வரை போய் நின்றுகொண்டது.

டக்.

இந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும்
என்று அப்போதுதான் தெரிந்தது.
மூடும்போது அலகு இடப்பக்கம் சாய்ந்து உரசுகிறது.
பொய்ப்பல் என்றால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இனி எங்கே வைப்பது?
பொக்கற்றில் வைக்கிற கத்தி.
என் சட்டைகளுக்குப் பொக்கற் இல்லை.
கைப்பையில் என்று நினைத்தேன்,
கை நின்றது.

அந்த நாளில், பாலத்தடிச் சோதனைச்சாவடியில்,
நகவெட்டிக்குள் மடிந்திருந்த
சுண்டுவிரல் நீளத் தகட்டுக்காக நாற்பது நிமிடம்.
மெழுகு செதுக்கும் ஊசிகளும் அன்று பையில்.
ஒவ்வொன்றாய்த் தூக்கி, இது என்ன, இது என்ன?
சின்னப் பையன், காதோரம் பரு.
மெழுகுக்கு எனக்குச் சிங்களம் வரவில்லை.
என் வாயைத் திறந்து
என் பல்லைத் தொட்டுக் காட்டினேன்.

அந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள்.

ஒன்பது நாள் லாச்சியில் கிடந்தது.
பத்தாம் நாள் பைக்குள் போட்டேன், குடைக்கும் கீழே.
நூறாம் நம்பர் பஸ்ஸில் ஒருவரும் கேட்காத கேள்விக்கு
இரண்டு மொழியிலும் பதில் சொல்லிக்கொண்டு போனேன்.
மெழுகுக்குச் சொல் இப்போது தெரியும். இட்டி.

மத்தியானம் வேலைமேசையில் கொய்யாப்பழம் வெட்டினேன்.
ஃபஸ்லியா ஒரு துண்டை எடுத்துக் கடித்து
உப்புத்தூள் காணாது என்றாள், வேறொன்றும் இல்லை.
சாறு நின்ற இடத்தில் அலகு கறுத்திருந்தது.
துடைத்தேன்.
போகவில்லை.