நான்காவது எண்

ஒரே பில்லில் நாலு நம்பர் போட்டுக்கலாம் என்றான்
கடைக்காரப் பையன்.
நாங்கள் மூன்று பேர்.
பர்கூரில் ஒரு காதுகுத்து. கறிச்சோற்று வரிசையில்
எனக்கு முன்னால் நின்ற முனிராஜ் திரும்பிக் கேட்டான்:
"அந்த நாலாவது சும்மாதானே கெடக்குதுக்கா?"

முனிராஜ் என்றால்
என் மாமனாரின் தங்கைக்கு ஓரகத்தி,
அந்த ஓரகத்திக்குத் தம்பி.
இராயக்கோட்டைக்கு மேற்கே ரெண்டு ஏக்கர், ஒரு போர், ஒரு காளை.
பங்காளி முறையா, மாமன் மச்சான் முறையா என்று
விரல் மடக்கிப் பார்த்து
மூன்றாம் விரலில் விட்டுவிட்டார் என் வீட்டுக்காரர்.

செயலியும் கேட்டது, உறவு?
கணவர். மனைவி. பிள்ளை. பெற்றோர்.
கடைசியில் ஒன்று, மற்றவர்.
அதைத் தொட்டேன்.
சகலை, சம்பந்தி, கொழுந்தியா, ஒன்றுவிட்டது, ரெண்டுவிட்டது
எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள்
கடைசி டவுன் பஸ் மாதிரி நெருக்கி நின்றார்கள்.

அஞ்சாம் தேதி நூற்றைம்பது ரூபாய் வரும்.
குறிப்பில் "போன்" என்று மட்டும்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவேன்.
ஏழு மாதம் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.
ஆனாலும் பில்லின் மூன்றாம் பக்கம் சொல்லும்
2.10, 2.40, 3.25.
மும்முனைக் கரண்ட் வந்து மோட்டார் போட்டவன்
வரப்பில் உட்கார்ந்து எதையோ பார்க்கிறான்.
என் கூடப்பிறந்த அண்ணன் எப்போது தூங்குவான் என்று
எனக்குத் தெரியாது.

தையில் எருது விட்டார்கள்.
தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே தன் காளையை விட்டான்,
அதை நேரலையிலும் விட்டான்.
பிறகு ஊர்க் காளை, பக்கத்து ஊர்க் காளை, தோற்ற காளை.
பில் தொடங்கிய பத்தாம் நாளே
நாலு பேர் டேட்டாவும் தீர்ந்தது.
மோனிகாவுக்கு அன்று மாதிரித் தேர்வு.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
"யாரும்மா இந்த மற்றவர்?"

பிப்ரவரியில் பணம் இல்லை.
மார்ச்சிலும்.
கேட்கலாம். ஆனால் அந்த முந்நூறு ரூபாய்ப் பேச்சு
ஓரகத்தி வீடு, தங்கை வீடு, மாமனார் வீடு என்று
மூன்று வாசல் ஏறி இறங்கி
வட்டியோடு என்னிடமே வரும்.
நீக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது.
அது எந்த வாசலும் ஏறாது.
அமுக்கினேன்.
"பதினேழாம் தேதி முதல் இந்த எண் விலகும்.
அதற்குள் மனம் மாறினால் இங்கே தொடவும்."
எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்துகூட
இத்தனை நாள் தவணை கொடுத்ததில்லை.

அவனுக்கும் குறுஞ்செய்தி போயிருக்கும்.
பதினாலாம் தேதி, முதன்முதலாகக் கூப்பிட்டான்.
அவன் அதைப் பேசவில்லை. நானும்.
"நாலு மணி வண்டிக்கு ரவுண்டானா வந்துடுங்கக்கா."

கண்டக்டர் காலால் தள்ளி இறக்கிவிட்டார்.
நீல கிரேடு, விளிம்புவரை தக்காளி.
மேலே அட்டையில் மார்க்கரால்
என் பெயர்கூட இல்லை, பத்து இலக்கம்.

அன்று மண்டியில் கிலோ நாலு ரூபாய்.
இருபத்தைந்து கிலோ, நூறு.
லக்கேஜ் அம்பதை அவனே கொடுத்திருந்தான்.
வீட்டுக்காரர் கால்குலேட்டரை எடுத்தார்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அதை வைத்து, அரிவாள்மனையை எடுத்தார்.

இன்று பதினாறு. ராத்திரி பதினொன்று நாற்பது.
கீழ்வீடு, எதிர்வீடு, மோனிகாவின் டியூஷன் டீச்சர்
எல்லாருக்கும் கொடுத்தும் வாளியில் பாதி இருக்கிறது.
தொக்குக் கிண்டுகிறேன்.
மேடைமேல் போன். இங்கே தொடவும்.
தொட்டேன்.
விரலெல்லாம் சாறு, விதை.
என் கட்டைவிரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை.
முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி.
இல்லை.

அடிபிடிக்கிற வாசனை.
ஒரு கிண்டு கிண்டிவிட்டு வருகிறேன்,
இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.