நத்தைக் கணக்கு

அலெக்சாண்ட்ரினா ஏரியில் ஜனவரி வெயில்.
முழங்கால் வரைக்கும் மட்டும் குளிர்காலம்.
சல்லடையில் அள்ளுகிறேன்:
மிளகைவிடக் கொஞ்சம் பெரிய நத்தைகள்,
நூறு எடுத்தால் நூறும் ஒரே கறுப்பு.
எதற்குத் தகப்பன் உண்டு, எதற்கு இல்லை,
பார்த்தால் தெரியாது.

ஒரே ஏரி, ஒரே பாசி, இரண்டு குடித்தனம்.
ஒன்று இணை தேடும், கூடும், பெறும்.
மற்றது எவனையும் தேடுவதில்லை.
தன்னையே வயிற்றில் நகலெடுத்து
ஓட்டோடு பெற்றுப் போடும்,
மகள், மகளின் மகள், அவள் மகள்.
வாழையடி வாழை என்று வாழ்த்துவது
இதற்குத்தான் சரியாகப் பொருந்தும்.

கணக்கு ஆண்களுக்கு எதிராகவே இருக்கிறது.
நான்கு பிறந்தால் இவளுக்கு நான்கும் பெறும்.
அவளுக்கோ நான்கில் இரண்டு மகன்கள்:
மேய்வார்கள், திரிவார்கள்,
ஒரு குஞ்சைச் சுமக்க மாட்டார்கள்.
எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும் இந்த ஆண்கள்.
ஒழியவில்லை.
நுண்ணோக்கியில், வலது கொம்புக்குப் பின்னால்,
அந்தச் சின்னச் சதைத்துணுக்கு.
ஆண். ஒரு கோடு.
ஆண். இன்னொரு கோடு.

ஃபெர்கஸை விட்டு வந்த வருஷம்
நான் நகல்களின் கட்சி.
ஹுயா முழுக்க என்னுடையவளாய்ப்
பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன்.
அவன் காது மடல் அவளுக்கு. அவன் தும்மல்.
கதவைச் சாத்தாமல் போகும் அவன் பழக்கம்.

கரையோரம் வாத்துகள்.
வாத்தின் எச்சத்தில் ஒரு புழுவின் முட்டை.
நத்தை அதை மேயும்.
புழு சினைப்பையைத் தின்று
அந்த இடத்தில் தான் குடியேறும்.
ஓடு நகரும், பாசி தின்னும், வளரும்;
உள்ளே வீட்டுக்காரி இல்லை.

நான் வந்த முதல் கோடையில்
கரை முழுக்க ஒரே நகல் கூட்டம்.
எங்கள் ஏட்டில் அதன் பெயர் பதினேழு.
ஏரி பதினேழுக்குத்தான் என்று
யிர்ஜியிடம் ஒரு பெட்டி பீர் பந்தயம்.
ஐந்தாம் கோடையில்
உடைத்த பதினேழுகளில் பாதிக்கு மேல் புழு.
ஒரு பூட்டைத் திறக்கக் கற்றவனுக்கு
ஊரெல்லாம் அதே பூட்டு.
கூடிப் பெற்றவளோ
பிள்ளைக்கொரு பூட்டு மாட்டி அனுப்பியிருந்தாள்.

"ஆண் வீண்செலவில்லை,
காப்பீட்டுத் தவணை" என்றான் யிர்ஜி,
என் பீரைத் திறந்துகொண்டே.
தவணை ரொம்ப அதிகம் என்றேன்.

முடிந்துவிடவில்லை.
வாத்து முங்காத ஆழத்தில்
இன்னும் மகள்களின் ராஜ்யம்தான்.
கப்பல் ஏறிப்போன நகல்கள்
ஐரோப்பாவில், அமெரிக்காவில்
ஆற்றுப் படுகையையே மூடிக் கிடக்கின்றன.
புழு அங்கே போய்ச் சேரவில்லை.
புழு இல்லாத ஊரில்
ஒருத்தி போதும்.

என் சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள்,
அம்மா தந்தவை.
நகலெடுத்திருந்தால் ஹுயாவுக்கும் தப்பாது.
இருபது வயதில் தானே போய் ரத்தம் கொடுத்தாள்
கிரைஸ்ட்சர்ச்சில்.
போனில் ஒரே சொல்: "இல்லையாம்."

இதில் ஃபெர்கஸுக்குப் பங்கில்லை, நேர்மையாகச் சொன்னால்.
எனக்குள்தான் சீட்டு கலைந்திருக்கிறது.
அம்மாவின் சீட்டு விழ வேண்டிய இடத்தில்
அப்பாவுடையது விழுந்திருக்கிறது.
பிளஃப் துறையில் சிப்பிப் படகேறிப் போனவர்,
இரண்டு புகைப்படங்களுக்கு வெளியே
நான் பார்த்திராத மனிதர்.

ஹுயா, ஃபெர்கஸ் வைத்த பெயர்.
ஆணுக்குக் குட்டை அலகு,
பெண்ணுக்கு நீண்டு வளைந்த அலகு,
கூடித்தான் பெருகிய பறவை.
துப்பாக்கிக்கு எந்தப் பூட்டும் பூட்டில்லை.
நூறு வருஷமாக அது எங்கும் இல்லை.
நன்றாகக் கலைத்த சீட்டும் தோற்பதுண்டு.

இன்று நூற்றில் முப்பத்தெட்டு ஆண்.
நாளை ஆழத்துக்குப் படகு.
ஹுயா பேசிக்கொண்டே வாசலுக்கு நடக்கிறாள் போலிருக்கிறது,
போனுக்குள் தெருக்காற்று இரைகிறது,
பின்னால் கதவு சாத்தும் சத்தமே இல்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.