பச்சை உறை

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
எட்மன்டனைத் தாண்டி இரண்டு மணி நேரம்
சாலை எது வயல் எது என்று பிரியாத வெள்ளையில்
ஓட்டி வந்து,
பதினாறு வருடம் முன்பு நான் சாத்திவிட்டுப் போன கதவைத்
தட்டினேன்.
"தெறந்துதான் இருக்கு" என்றான் ஒரெஸ்ட்.

மேசையில் மூன்று ஷூ பெட்டிகள்.
நிலப் பத்திரம், இன்ஷூரன்ஸ்,
என்றைக்கோ விற்றுத் தீர்ந்த மாடுகளின் தடுப்பூசி ரசீது,
மஞ்சளாய் ஒரு பல்.
"மார்க்கோவோடது. விழுந்த முதல் பல்.
இதை எந்த ஃபைல்ல வைக்க?"

நான் பிரித்து அடுக்க, அவன் காப்பி போட்டான்.
இன்னமும் தார் மாதிரி.

பாஸ்வேர்டுகள்
விதைக் கம்பெனி நாட்காட்டியின் பின்பக்கம் இருந்தன.
வங்கிக்கு, எங்கள் கல்யாணத் தேதி.
அதிலும் ஒரு நாள் தப்பு.
இத்தனை காலம் அந்தத் தப்பான நாள்தான்
பணத்துக்குக் காவல் நின்றிருக்கிறது.
நான் திருத்தவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி கொடுத்த படிவம்.
உங்களால் பேச முடியாமல் போனால்
உங்களுக்காகப் பேசுபவர்:
தார்க்கா ஹ்ரிஞ்சுக்.
நான் என்றோ கழற்றிப் போட்ட அவன் குடும்பப் பெயரோடு,
பின்பக்கம் தடிக்கும்படி
பேனாவை அழுத்தி எழுதியிருந்தான்.

ஏன் நான்?

"லாரிசா அழுவா.
மார்க்கோ, டாக்டர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவான்.
எங்கிட்ட 'போதும்'னு சொன்னவ
நீ ஒருத்திதான்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
பெயரை அடித்துத் திருத்தி எழுதினேன்.
மேலே படித்தேன்.

வயிற்றில் குழாய் வேண்டாம்.
மூச்சு மெஷின் பத்து நாள்;
ஓரத்தில், பென்சிலில்: விதைப்புக் காலமென்றால் பன்னிரண்டு.
பாதிரியார் வரலாம், பாடக் கூடாது.
உங்களுக்கு எது முக்கியம் என்ற கேள்விக்கு
அறுவடை மெஷின் சத்தம் காதில் விழ வேண்டும்,
அறுவடை இல்லாத மாதமென்றால்
ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

"இந்தக் குளிர்லயுமா?"
"எனக்கென்ன, ஜலதோஷமா பிடிக்கப் போகுது?"

சிரித்தோம்.
அவன் சிரிப்பு இருமலாகி நீண்டது.
குளியலறைக்குள் போய்
தண்ணீரைத் திறந்துவிட்டு இருமினான்,
எனக்குக் கேட்காதென்று.

சாட்சிக் கையெழுத்து நான் போடக் கூடாதாம், சட்டம்.
நாலு மைல் தள்ளியிருக்கும் வால்டர் பாபியுக் வந்தான்.
கால் பனியை உதறவில்லை, எதையும் படிக்கவில்லை,
கையெழுத்துப் போட்டான்.
கதவருகில் நின்று கேட்டான்:
"அந்த வெல்டிங் மெஷின் யாருக்கு எழுதிருக்கே?"
"ஒனக்குத்தான். ஓடாது."
வால்டர் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டான்.
வெளியே போய் ரொம்ப நேரம்
வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

ஒரு கட்டம் மிச்சம்.
உறவுமுறை.
மனைவி, மகன், மகள், உடன்பிறந்தோர்,
பிற.
அதன் பக்கத்தில் நீளமாய் ஒரு கோடு.
அவன் இதை மட்டும் விட்டுவைத்திருந்தான்.
பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு
பாத்திரம் கழுவப் போனான்,
கழுவ ஒன்றும் இல்லாத தொட்டியில்.

'முன்னாள்' என்று எழுதப் போய்
முதல் எழுத்திலேயே நின்றேன்.
அந்த 'மு'வைத் 'தெ' ஆக்க முடியவில்லை.
கிறுக்கி அடித்துவிட்டு எழுதினேன்:
தெரிந்தவள்.

பச்சை பிளாஸ்டிக் உறையில் எல்லாம் போட்டு
பன்றிக்குட்டிக் காந்தத்தால்
ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கவிட்டோம்.
ஆம்புலன்ஸ்காரர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்களாம்.
உள்ளே பாதி வெங்காயம்,
லாரிசா அனுப்பிய கொழுக்கட்டை மாதிரி பெரோகி ஒரு பை.
அதைப் பற்றிப் படிவத்தில் எதுவும் இல்லை.

கிளம்பும்போது பார்த்தேன்,
என் காரின் மூக்கிலிருந்து நீண்ட வயர்
கொட்டகைச் சுவர் பிளக்கில் செருகியிருந்தது,
எஞ்சின் உறையாதிருக்க.
எப்போது வெளியே வந்தான், அந்த நெஞ்சோடு?

உருவினேன்.
முழங்கையில் சுற்றினேன்.
இருட்டில், எந்த ஆணி என்று கேட்காமல்
மாட்டினேன்.