சுவக்கினுக்கு உருளைக்கிழங்கு

இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டாமல்
காலால் உதைப்பவன் சுவக்கின்தான்.
விளக்குப் போடவில்லை.
போட்டால் அலறுவான்.
குதைபியா சந்துக்குள் ஒரு பூனை
இருமுவதுபோல் கத்திக்கொண்டிருக்க,
இருட்டிலேயே தடவி ஒரு கிழங்கெடுத்து
இருட்டிலேயே வில்லை வில்லையாய் அரிகிறேன்.
இதில் எனக்குக் கை பழகிவிட்டது.

முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வெறுங்கண்ணால் வெல்டிங் தீயைப் பார்த்திருக்கிறான்,
மறுபடியும்.
"கண்ணாடி வழியா எல்லாம் ஒரே பச்சை மக்கா.
நெசம் நீலம்லா. நீ பாத்ததில்ல."
பாய்லர் சூட்டை அள்ளி அப்பியதுபோல்
வீங்கிக் கிடக்கின்றன இமைகள்.
கன்னத்தில் வழிவது அழுகை அல்ல.
வாயில் வீசுவது பசி அல்ல.

உலர்துறையில் தான் ஒட்டிய கப்பல்களுக்கு
அவன் கடிதம் எழுதுவான்.
'அன்புள்ள மரியா கே,
இடப்பக்க விலா எப்படி இருக்கு?
குளிர்காலத்தில் வடக்கே போகாதே,
அந்த ஏழாவது தகட்டில் என் மனசு சரியில்லாமல் இருந்தது.'
ரோட்டர்டாம் துறைமுகம் என்று மட்டும் முகவரி.
தபால்தலைக்கு ராச்சோற்றுக் காசு.
ஆறு வருடத்தில் ஒரே ஒரு பதில்,
கப்பல் சமையல்காரன் ஒருவன் எழுதியது:
ஐயா, நாங்கள் நனையவில்லை. நன்றி.
அரிசி டின்னுக்குள் அதை வைத்திருக்கிறான்.
அரிசி இருந்ததில்லை அந்த டின்னில்.

நான் குளிர்கிடங்கில் கோழிப்பெட்டி எண்ணுகிறவன்.
எண்ணாமல் இருக்க வராது.
பச்சை அட்டை நோட்டில் அவனுக்குத் தனிப் பக்கங்கள்:
சம்பளம் வந்த மூன்றாம் நாள், பதினைந்து தினார்.
மதுக்கடைக்காரனிடமிருந்து கைக்கடிகாரத்தை மீட்க, எட்டு.
கடலுக்குள் வீசிய செல்போனுக்குப் பதில் வேறு, இருபத்திரண்டு.
('அது ஓயாம பேசிச்சு.')
சல்மானியா ஆஸ்பத்திரிக்கு டாக்சி, போக.
திரும்பி வர இல்லை. நடந்து போய்விட்டான்.

அங்கே டாக்டர் காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து
நடுவில் ஒரு பொட்டு வைத்தார்.
"இந்த இடம் வெந்துவிட்டது.
கிரகணம் ஏதும் பார்த்தீர்களா?"
"தெனமும்" என்றான் சுவக்கின்.
சிரித்தவன் நான்தான்.
டாக்டர் சிரிக்கவில்லை.

பிப்ரவரியில் பதினோரு நாள் திருந்தியிருந்தான்.
முகம் மழித்தான். ஏழு மணிக்கு வந்தான்.
முகமூடியைத் துடைத்து ஆணியில் மாட்டினான்.
பருப்புக் கடைந்தான், எனக்கும் சேர்த்து.
கடிதம் எதுவும் எழுதவில்லை.
எதிர்க் கட்டிலில் அவன் ஒழுங்காக மூச்சுவிட,
தூங்காமல் கிடந்தேன் நான்.
ஊருக்குப் போன் செய்தபோது
சொல்வதற்கு என்னிடம் ஒரு கதை இல்லை.
'பாவம், உன்னை விட்டால் அவனுக்கு யார்' என்று
யாரும் சொல்லவுமில்லை.
கூடையில் கிழங்குகள் முளைவிட்டன.

பன்னிரண்டாம் இரவு
கதவில் உதை விழுந்தது.
அந்த நொடி எனக்குள் எழுந்ததைக்
கோபம் என்றுதான் நோட்டில் எழுதினேன்.
நான் எழுதிய ஒரே தப்புக் கணக்கு.
இன்னும் அடிக்கவில்லை.

இப்போது மல்லாந்து கிடக்கிறான்.
கண்ணுக்கொன்றாய் ஈர வில்லை.
"லே, எழுதிக்கோ" என்கிறான்.
இருட்டில் பேனா தேடுகிறேன்.
'அன்புள்ள மரியா கே,
உன்னை ஒட்டின கண்ணு ரெண்டும் சுகம்.'
நிறுத்துகிறேன்.
"எழுதினியா?"
எழுதினேன்.
வரி மேல் வரி ஏறியிருக்கும், விடிந்தால் தெரியும்.
சூடேறிய வில்லையை எடுத்துவிட்டு
வேறு வைக்கிறேன்.
கைநிறையக் கிழங்கு இருக்கிறது இன்று.
நேற்றே வாங்கிவைத்திருந்தேன்.