இரண்டாம் அடக்கம்

தொடையெலும்பின் நீளம்தான் பெட்டியின் நீளம்.
கல்தச்சன் யோவேசர் அதை மட்டுமே கேட்டான்:
ஆள் நெட்டையா, குட்டையா?
நெட்டை என்றேன்.
பூவேலை வேண்டாம் என்றேன்.
ஒரு பக்கத்தில் ஏற்கெனவே பாதிப் பூ வெட்டியிருந்தான்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

போன ஆதார் மாதத்து மழையில்
இந்தக் குகையின் கல்மேடையில் உன்னைக் கிடத்தினோம்.
சதை கரைய ஓராண்டு,
பிறகு எலும்பு பொறுக்க வேண்டும்.
எருசலேமில் எல்லோருக்கும் இதே கணக்கு.

உனக்குத்தான் வேறு கணக்கு, எலியோனாய்.
பெட்டி நமக்குத் தேவைப்படாது என்றாய்.
கூரை ஒழுகியபோது,
அடுத்த மழைக்குள் வானமே திறக்கப்போகிறது,
நீ ஓட்டையை அடைக்கச் சொல்கிறாயே என்று சிரித்தாய்.
ஷப்பீராவுக்கு எரிகோவிலிருந்து வரன் வந்தது.
பார்க்கலாம் என்றாய்.
கடன் கொடுத்த ஏழு வெள்ளிக்காசை
அந்த எண்ணெய்க்காரனிடம் கடைசிவரை கேட்கவேயில்லை.
அவனும் உன்னைப்போல ஊழியை நம்பத் தொடங்கினான்,
அதற்காகத்தானோ என்னவோ.

இந்த ஊரில் காத்திருக்காதவர் யார்?
உப்புக்கடல் ஓரத்து வெள்ளாடைக்காரர்களுக்குத்
தனிப் பஞ்சாங்கம்.
அவர்கள் நோன்பிருக்கும் நாளில்
நாம் மீன் வாங்கப் போவோம்.
எதிர்வீட்டு ஹில்கியா
தாவீதின் மரபில் ஒரு வாளை எதிர்பார்க்கிறான்.
கோபுரத்து உரோமைச் சிப்பாய்
சம்பள நாளை.

நீங்கள் இருபது முப்பது பேர் மட்டும்
எங்கள் மாடியறையில் ரொட்டி பிட்டபடி சொன்னீர்கள்:
அந்த நாள் வரப்போவதில்லை, வந்தே விட்டது.
மரத்தில் அறைந்து கொன்ற ஒருவர்
சாவின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.
கதவு இன்னும் சாத்தப்படவில்லை.
மீதிப் பேர் பின்னாலேயே வருவார்கள்.

அதே ஆலயம், அதே பலிப்புகை, அதே சங்கீதம்.
ஹில்கியாவுக்கும் உனக்கும் சண்டை வந்தது
கடவுளைப் பற்றி அல்ல,
தேதியைப் பற்றி.

முதலில் இறந்தவள் நெசவுக்காரி.
அன்று யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
இரண்டாவது நீ.
கதவை எவ்வளவு நேரம்தான் திறந்துவைப்பது,
காற்றும் நாயும் உள்ளே வராதா
என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இது மகன் செய்ய வேண்டிய வேலை.
யக்கீம் அந்தியோக்கியாவிலிருந்து கடிதம் போட்டிருக்கிறான்,
கிரேக்கத்தில். யோவேசரின் மருமகன் படித்துச் சொன்னான்.
அங்கே கூட்டத்துக்குக் கிரேக்கரும் வருகிறார்களாம்.
விருத்தசேதனம் தெரியாது, வாற்கோதுமைத் திருநாள் தெரியாது,
ஊழி என்றால் என்னவென்று கேட்கிறார்களாம்.
இவன் பொறுமையாக விளக்குகிறானாம்.
நம் மொழியில் மூச்சிரைத்து ஓடிவந்த 'சீக்கிரம்'
அங்கே நாற்காலியில் உட்கார்ந்து
தண்ணீர் கேட்கிறது போலும்.

ஆற்றங்கரையில் வீடு பிடித்திருக்கிறான்,
பன்னிரண்டு வருடக் குத்தகை.
முற்றத்தில் அத்தி நட்டிருக்கிறான்.
நான் குகைக்குள் வாய்விட்டுச் சிரித்தேன்,
உன் தாடையெலும்பு கையில் இருந்தது.

எண்ணி எண்ணித்தான் வைக்கிறேன்.
ஒன்று குறைந்தால் நீ அந்த நாளில்
எல்லோர் முன்னும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாய்.
வலது முழங்கால்.
குளிரில் இதற்குத்தான் இரவெல்லாம் எண்ணெய் தேய்த்தேன்.
நீ எழும்போது வலியும் சேர்ந்து எழுமா?
உன் நண்பர்கள் பேசிய எத்தனையோ இரவுகளில்
இதை ஒருவரும் பேசவில்லை.

ஆணியால் உன் பெயரைக் கீறினேன்.
பாதிப் பூ இடத்தை அடைத்துக்கொண்டதால்
கடைசி எழுத்து மூலையில் சரிந்து தொங்குகிறது.
மூடி முழுதாய்ப் பொருந்தவில்லை,
ஒரு விரல் இடைவெளி.
என் நம்பிக்கை என்று நினைத்துவிடாதே,
யோவேசர் அளவு பிசகிவிட்டான்.

வருகிறேன்.
இருட்டுவதற்குள் கூரைக்கு மண் குழைக்க வேண்டும்.
ஒலிவமலைக்கு மேலே மேகம் இறங்குகிறது.
நெடுநேரம் பார்த்துவிட்டேன்.
மழைமேகம்தான்.