நீல ஒயர்

ஞாயிறு மாலை எஸ்பன்யோலாவில்
கார்கள் தரையை முகர்ந்துகொண்டு ஊரும்,
ஒவ்வொன்றும் ஒரு தெரு தள்ளிக் கேட்கும்.
என் எழுபத்தொன்பது மாடல் மட்டும் வாய் திறக்கவில்லை.

பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் பார்த்தேன்,
உள்கம்பி முழுசு.
எர்த்தைச் சந்தேகப்பட்டு
டிக்கி மூலையில் பெயிண்டைச் சுரண்டினேன்.
செர்ரிச் சிவப்பு, மூன்று மாதச் சம்பளம்.
எர்த் மேல் குற்றமில்லை.

ஆம்ப்ளிஃபயர் வாசல்வரை மின்சாரம் வந்து நிற்கிறது,
எழுந்திரு என்று சொல்லத்தான் ஆளில்லை.
அதைச் சொல்வது ஒரு நீல ஒயர்,
சேமியா தடிமன்.
மீட்டர் ஊசியை வைத்தேன்:
சைபர்.

கார்ப்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கடியில் கைவிட்டுத் துழாவினால்
ஒற்றைக் காதணி,
காய்ந்த மிளகாய்த் தோல்,
பிறகு அது.
அறுந்ததில்லை, வெட்டியது.
இரண்டு நுனியிலும் வெள்ளை டேப்,
ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவார்களே, அந்த டேப்,
ஓரத்தை மடித்துவிட்டு,
பிரிக்கிறவனுக்குச் சுலபமாக.

டெல்ஃபினாவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி.
நான் பேஸ் சரிபார்ப்பது பகல் பதினொன்றுக்கு;
படுக்கையறைச் சன்னலுக்குப் பல் தந்தியடிக்கும்.
ஆறு வருஷம்
ஒரு வார்த்தை சொன்னதில்லை அவள்.

முறுக்கிச் சேர்க்க அரை நிமிஷம் போதும்.
நான் மெயின் ரோட்டுக்கு நடந்துபோய்
நாலு டாலருக்கு ஒரு ஸ்விட்ச் வாங்கிவந்தேன்.

"என்னவாம்?" என்றாள், கண்ணைக் கசக்கியபடி.
"எர்த்" என்றேன்.
"நினைத்தேன்" என்றாள்,
காபியை ஊதி.