அடிக்குறிப்பு 143

பேராசிரியர் நோவோட்னியின் கட்டுரைக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள்.
நூறிலிருந்து நூற்றைம்பது வரை என் பங்கு.
சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறையில்
ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூலம் தேடி
பக்க எண் சரியா,
காற்புள்ளி சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா
என்று பார்ப்பது வேலை.
சம்பளம் கிடையாது. பெயர் வரும்,
அட்டைக்கு உள்ளே, பொடி எழுத்தில்.

கட்டுரையின் வாதம் இது:
நிலத்தை வகுக்கும் அதிகாரமும்
ஆளைப் பிடிக்கும் அதிகாரமும்
ஒரே வேரில் கிளைத்தவை.
அதன் கீழே 143:
"காண்க: டோலிவர்ஸ் ஃபெர்ரி நகர்மன்ற
நடவடிக்கைக் குறிப்பு, மார்ச் 14, பக்கம் 36."

இணையத்தில் இல்லை.
வெள்ளிக்கிழமை, அறைத்தோழனின் காரில்,
ஒஹாயோ ஆற்றை ஒட்டி இரண்டு மணி நேரம்.

எழுத்தர் வெர்ன் ஸ்டாக்டேல்
பைண்டரைத் தூக்கிவந்து மேசையில் போட்டார்.
"ஒரு அம்மா தபாலில் கேட்டாங்க.
நேரில் வந்தது நீதான்."

முதல் பொருள்: எல்ம் தெருப் பல் மருத்துவர்
நாலடி வேலியை ஆறடியாக்க
விலக்கு கேட்கிறார்.
நிழல் யாருடைய தக்காளிச் செடிமேல் விழும் என்று
ஒன்பது பேர் பேசியிருக்கிறார்கள்.
நாற்பத்தொரு நிமிடம்.
வரைபடம் இணைப்பு, வண்ணத்தில்.

அடுத்த பொருள்: தொல்லை தரும் மனைகள்.
ஓராண்டில் ஒரே முகவரியிலிருந்து
மூன்று முறை போலீஸை அழைத்தால்
அந்த வீடு தொல்லை.
உரிமையாளர் குடியிருப்பவரைக் காலிசெய்ய வைக்க வேண்டும்,
இல்லையென்றால் அபராதம்.
நான்கு நிமிடம்.
கேள்விகள்: இல்லை.
எதிர்ப்பு: இல்லை.

பைண்டரின் கடைசியில்
யாரோ இடம் மாற்றிச் செருகிய ஒரு தாள்.
பெக்கம் சந்து, 6-பி. ரோஸ்லின் டட்டில்.

ஜூன் 2, இரவு 11:20.
கணவர் கதவை உடைப்பதாகச் சொல்கிறார்.

ஜூலை 19, விடிகாலை 3:05.
கை. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்கிறார்.

செப்டம்பர் 8, இரவு 9:47.
யாரும் பேசவில்லை.
குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.
எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டது.

பிறகு நோட்டீஸ். முப்பது நாள் கெடு.
அந்த முப்பது நாளும் 6-பியிலிருந்து
ஓர் அழைப்பும் இல்லை.
ஆண்டறிக்கையில் ஒரு வரி:
அழைப்புகள் பதினெட்டு விழுக்காடு குறைந்தன,
விதி நல்ல பலன் தருகிறது.

"அந்தப் பெண் எங்கே போனார்?"
வெர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கடிதம் போட்டோம். திரும்பி வந்துடுச்சு."
நகல் எடுக்கப் பக்கத்துக்குப் பத்து சென்ட்.
அந்தத் தாளுக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

திரும்பும்போது எல்ம் தெரு வழியாகப் போனேன்.
ஆறடி வேலி, புது வெள்ளைப் பெயின்ட்,
மேலே ஓர் அணில்.
பாவம், அது வெறும் மரம்.
பயிரை மேய்ந்த வேலி
நான்கு நிமிடத்தில் எழுப்பியது.

ஞாயிறு இரவு ஆசிரியர் குழுத் தலைவர்
ப்ரெஸ்காட் மின்னஞ்சல் அனுப்பினான்.
கட்டுரை நீளம். 143ஐச் சுருக்கு.
ஒரு நகரத்துக் கதை எதையும் நிரூபிக்காது,
"காண்க" வேண்டாம்,
"ஒப்பிடுக" என்று போடு.

எதோடு?
அரைமணி நேரம் கர்சர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தக்காளிச் செடியோடா?
தண்ணீர் சத்தத்தோடா?

மூலம் சரிபார்க்கப்பட்டது என்று எழுதி
"காண்க" என்றே விட்டேன்.
பக்க எண்தான் தவறு.
36 இல்லை, 37.
திருத்திவிட்டு 144க்குப் போனேன்.